பியூலா டீச்சரும் ஏரி ஜெபமும்

மேற்குத் தாம்பரத்தில் எண்பதுகளில் டைப்ரைட்டிங் படித்த யாரைக் கேட்டாலும் பியூலா டீச்சரைத் தெரியும் என்பார்கள். தெரியாது என்று ஒருவர் சாதித்தால், அவர் லோயர் பரீட்சையில் கோட்டை விட்டவர் என்று வைத்துக்கொள்ளலாம். முடிச்சூர் ரோட்டில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, ஒரு ஆள் ஏறும்போது இன்னொரு ஆள் இறங்க முடியாத படிக்கட்டின் உச்சியில், பெத்தேல் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருந்தது. காலை ஆறு மணி பேட்ச் தட்ட ஆரம்பித்தால், கீழே கடைக்காரர் தட்சிணாமூர்த்தியின் மருந்துப் பாட்டில்களும் கூடவே தாளம் போடும். அத்தனை சத்தத்துக்கும் மேலே ஒரு சிரிப்பு கேட்டால் அது டீச்சருடையது.

தப்பு கண்டுபிடிப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு பத்தியில் ஒரே சொல் இரண்டு வரிகளில் வந்தால், அடிக்கிற பிள்ளையின் கண் முதல் வரியிலிருந்து இரண்டாவதற்குத் தாவிவிடும். நடுவில் இருப்பது போயே போய்விடும். தாளை வாங்கிய உடனே, "கண்ணு தாவிடுச்சு பாரு" என்று சிரிப்பாள். இரண்டு பிள்ளைகள் ஒரே இடத்தில் ஒரே தப்பைச் செய்திருந்தால், யாரைப் பார்த்து யார் அடித்தது என்பதையும் சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டு இருவரையும் வேறு வேறு மெஷினுக்கு மாற்றி உட்கார வைப்பாள். இந்தத் திறமை இன்ஸ்டிடியூட்டோடு நின்றிருந்தால் ஒரு வம்பும் வந்திருக்காது.

வம்பு வந்தது, அவள் தாவீது உபதேசியாரின் மகளாகப் பிறந்ததால். உபதேசியார் என்பது பெயரல்ல, வேலை. சபையில் பாதிரியாரான ஆயருக்கு அடுத்தபடி. ஆயர்கள் சில வருஷத்துக்கொருமுறை மாற்றலாகிப் போவார்கள். உபதேசியார் எங்கும் போகமாட்டார். கடப்பேரியில் பிறந்து, கடப்பேரிச் சபையிலேயே ஜெபித்து, நோயாளி வீடு, சாவு வீடு, சண்டை வீடு எல்லாவற்றுக்கும் சைக்கிளில் போய் வந்தவர். மைக் இல்லாமல் அவர் வேதம் வாசித்தால் ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் கேட்கும். அந்த வேதம் வானத்திலிருந்து ஒரு எழுத்து குறையாமல், ஒரு எழுத்து கூடாமல் அப்படியே இறங்கி வந்தது என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. கேள்வி கேட்கப் பள்ளிக்கூடம் இருக்கிறது, கோயில் பதிலுக்கு என்பார்.

மகள் மேல் அவருக்கு உயிர். பியூலா கல்யாணமாகி இரும்புலியூருக்குக் குடிபோன பிறகும், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தால் நேரே அவள் வீட்டுக்குத்தான் வருவார். அவள் வைக்கிற வஞ்சிரமீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, மருமகன் பாக்கியநாதனோடு ரயில் கதை பேசுவார். பாக்கியநாதன் மின்சார ரயிலில் கார்டு. பீச் ஸ்டேஷனுக்கும் தாம்பரத்துக்கும் இடையே கொடி காட்டிக்கொண்டே வாழ்க்கையை ஓட்டியவர். யாரோடும் சண்டை போடத் தெரியாத மனிதர். அப்படிச் சிரிப்பும் மீனுமாக இருந்த ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் நின்றது. நின்றது பத்து வருஷத்துக்குத் திரும்பவில்லை. அப்பா மறுபடி தன் வீட்டுக்குள் காலெடுத்து வைப்பாரா என்பதுதான் பியூலாவுக்கு அந்தப் பத்து வருஷமும் இருந்த ஒரே ஏக்கம்.

முதலில் ஏரி ஜெபத்தைச் சொல்லிவிட வேண்டும். அது எண்பத்து மூன்றாம் வருஷம். குடத்தைத் தூக்கிக்கொண்டு ஊரே லாரிக்குப் பின்னால் ஓடிய வருஷம். சபையில் அறுப்பின் பண்டிகை வந்தது. அறுப்பின் பண்டிகை என்றால் விளைந்ததில் ஒரு பங்கைக் கோயிலுக்குக் கொண்டுவந்து வைப்பது. வயல் இருந்தவர்கள் நெல்லும் பூசணியும் கொண்டு வருவார்கள். வயலில்லாத ரயில்வேக்காரர்கள் கோழியும் முறுக்கும் கேக்கும் கொண்டு வருவார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். ஒரு தேங்காய்க்காக மாமனும் மச்சானும் மல்லுக்கட்டி, கடையில் தோப்பையே வாங்கியிருக்கலாம் என்கிற விலைக்கு ஏற்றிவிடுவார்கள். அந்த வேடிக்கைக்காகவே அக்கம்பக்கத்து இந்துக் குடும்பங்களும் வந்து பின் வரிசையில் உட்காரும்.

அன்றைய ஆராதனையில் நீளமான மன்றாட்டு ஒன்று உண்டு. ஆயர் ஒவ்வொரு வேண்டுதலாகப் படிக்கப் படிக்க, "கர்த்தாவே, கேட்டருளும்" என்று சபை பதில் சொல்லும். அதை ஸ்டென்சிலில் அடித்து உருட்டித் தருவது வருஷா வருஷம் பெத்தேல் இன்ஸ்டிடியூட்டின் கைங்கரியம். அந்த வாரம் பரீட்சை நெருக்கடி. பியூலா தன் மாணவிகளிலேயே கை சுத்தமான தையல்நாயகியிடம் போன வருஷத்துத் தாளைக் கொடுத்து, இதைப் பார்த்து அப்படியே அடித்துவிடு என்றாள். தையல்நாயகி முடிச்சூர்ப் பெண். அவள் அப்பா ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம் வைத்திருந்தார். ஏரியோ அந்த வருஷம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அப்போதிருந்த ஆயர், பூதக்கண்ணாடி மாதிரி மூக்குக்கண்ணாடி போட்டவர், தாளை முகத்தருகே வைத்துப் படித்துக்கொண்டே போனார். நோயாளிகளுக்காக, விதவைகளுக்காக, பிரயாணம் செய்கிறவர்களுக்காக, ஆளுகிறவர்களுக்காக. அடுத்தபடி அதே குரலில், "எங்கள் ஏரிகள் எல்லாம் கலங்கல் வழிய நிரம்பி, கடைசி வயலுக்கும் தண்ணீர் பாயும்படியாக" என்றார். "கர்த்தாவே, கேட்டருளும்" என்றது சபை. யாரும் தலை தூக்கவில்லை. தூக்கியது பியூலா ஒருத்திதான். ஏரி நிரம்பி உபரித் தண்ணீர் வழிகிற இடத்துக்குக் கலங்கல் என்று எந்த வெள்ளைக்காரப் பாதிரியும் எழுதியிருக்க மாட்டார். திரும்பிப் பார்த்தால், பின் வரிசையில் தையல்நாயகி வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி பண்ணி வச்சிருக்கே?" என்று வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டாள் பியூலா.

"இன்னாக்கா தப்பு? நோவு வந்தவனுக்குக் கேக்குறீங்க, ரயில்ல போறவனுக்குக் கேக்குறீங்க, கவர்மெண்டுக்குக் கூடக் கேட்டுகினு கீறீங்க. தண்ணிய மட்டும் யாருமே கேக்கல. மறந்துட்டாங்க போலன்னு நானே போட்டுட்டேன்."

பியூலா கோயில் கேட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அடுத்த வருஷம் எடுத்துவிட வேண்டியதுதான் என்று நினைத்தாள். ஆனால் அந்த ஐப்பசியில் மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. முடிச்சூர் ஏரி கலங்கல் போனது. அடுத்த வருஷம் வேறொரு மாணவி, வழக்கப்படி, போன வருஷத்துத் தாளைப் பார்த்து அடித்தாள். அதற்கடுத்த வருஷம் கிழவிகள் மற்ற வேண்டுதலுக்கெல்லாம் சும்மா முணுமுணுத்துவிட்டு, ஏரிக்கு மட்டும் கையை இறுக்கிக் கூப்பினார்கள். இனி அதை எடுக்க யாருக்கு மனசு வரும்? விஷயத்தைப் பியூலா பாக்கியநாதனிடம் மட்டும் சொன்னாள். "நல்ல வேண்டுதல்தானே, வண்டி ஓடட்டும்" என்றுவிட்டார் அவர்.

அதன் பிறகுதான் கேள்விகள் வர ஆரம்பித்தன. ஒரு கிறிஸ்துமஸுக்கு, பிள்ளைகள் மனப்பாடம் செய்து ஒப்பிக்க, இயேசுவின் வம்ச வரலாற்றை மத்தேயுவிலிருந்தும் லூக்காவிலிருந்தும் அவளே அடித்தாள். இரண்டையும் ஒரே நாளில் அடித்ததுதான் வினை. தனித்தனியாக ஆயிரம் தடவை வாசித்திருக்கிறாள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. ஒன்றில் யோசேப்பின் அப்பா யாக்கோபு. இன்னொன்றில் ஏலி. அந்த ஞாயிறு மீன் குழம்பு முடிந்து ரசம் வந்தபோது கேட்டேவிட்டாள்.

"அப்பா, யோசேப்புக்கு அப்பா யாரு?"

"யாக்கோபு" என்றார் உபதேசியார், தலை தூக்காமல்.

"லூக்கால ஏலின்னு போட்டுக்கீதே?"

சோறு பிசைந்த கை நின்றது. "ஒருத்தர் மாமனாரா இருப்பாரு."

"அப்படிப் போடலையேப்பா."

"துன்னும்போது பேசாத. பொரை ஏறும்."

அன்றைக்கு அது சிரிப்போடு போயிற்று. அடுத்த வருஷம் இறையியல் படிக்கும் ஒரு மாணவர் தன் ஆய்வுக் கட்டுரையை டைப் அடிக்கக் கொண்டுவந்தார். நாகர்கோவில் பக்கத்துப் பையன். கையெழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி. அவர் எழுதியிருந்தது புதிய ஏற்பாட்டின் பழைய கைப்பிரதிகளைப் பற்றி. மூலத்தை எழுதியவர்களின் கையெழுத்துப் பிரதி எதுவும் இன்றைக்கு இல்லை. இருப்பதெல்லாம் பிரதியின் பிரதியின் பிரதி என்று ஆரம்பித்தது கட்டுரை. பிரதி எடுத்தவர்கள் எங்கெங்கே வரியை விட்டார்கள், ஓரத்தில் எழுதிய குறிப்பை அடுத்து வந்தவர் எப்படி உள்ளே சேர்த்தார், ஒரே தப்பு இருக்கும் பிரதிகளை வைத்து யாரைப் பார்த்து யார் எழுதினார் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்றெல்லாம் அது விரிந்தது. பியூலாவுக்குப் படிக்கப் படிக்கச் சிரிப்பு தாங்கவில்லை. இது அவளுடைய ஆறு மணி பேட்ச்!

ஒரு பக்கத்தில் மட்டும் சிரிப்பு நின்றது. விபசாரத்தில் பிடிபட்டவளைக் கல்லெறிய வந்த கூட்டத்தை இயேசு தடுத்த கதை, மிகப் பழைய பிரதிகளில் இல்லை என்றிருந்தது. அவளுக்கு வேதத்திலேயே பிடித்த கதை அது. மெஷினை நிறுத்திவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது பொய்யாக இருந்தால் மற்றதெல்லாம் என்ன ஆகும் என்று தவித்தாள். இரண்டு நாள் அப்படியே திரிந்தாள். மூன்றாம் நாள் தையல்நாயகி ஞாபகத்துக்கு வந்தாள். வாய்வழியாகச் சுற்றிக்கொண்டிருந்த அந்தக் கதையை விட்டுவிட எவனோ ஒருவனுக்கு மனசு கேட்கவில்லை, மறந்துவிட்டார்கள் போல என்று அவனே சேர்த்துவிட்டான். அவன் யாரென்று தெரியாது. ஆனாலும் அவனைப் பியூலாவுக்குப் பிடித்துப் போயிற்று. வேதம் வானத்திலிருந்து இறங்கவில்லை, ஆட்கள் உட்கார்ந்து எழுதியது என்ற எண்ணம் அன்று அவளுக்குள் பதிந்தது. அது பதிந்த பிறகு சில விஷயங்களை அவளால் முன்போல நம்ப முடியவில்லை. இன்னின்னதை நம்புகிறேன் என்று சபையே சேர்ந்து விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது சில வரிகளில் வாயை மூடிக்கொண்டு, அடுத்த வரியில் திறந்தாள். பக்கத்தில் நிற்கும் பாக்கியநாதனுக்குத் தெரியும். அவர் அந்த வரிகளைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்லி ஈடுகட்டுவார்.

இதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவள், ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லித் தரும் ஓய்வுநாள் பள்ளியில் டீச்சர் வேறு. ஒரு ஞாயிறு பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, மேய்ப்பன் சங்கீதத்தை முதல் பிள்ளை பார்த்து எழுத, அதைப் பார்த்து இரண்டாவது எழுத, இரண்டாவதைப் பார்த்து மூன்றாவது எழுத என்று ஒரு விளையாட்டு வைத்தாள். வரிசை முடிந்தபோது சங்கீதத்தில் வரும் மேய்ப்பனின் கோலைக் காணோம், தடியைக் காணோம். சத்துருக்களுக்கு முன்னால் போட்ட பந்தியில் ஒரு பிரியாணி வந்திருந்தது. பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரித்தார்கள். "வேதத்தையும் ஆளுங்கதான் கையால பார்த்துப் பார்த்து எழுதுனாங்க. அவங்களுக்கும் கண்ணு தாவும், பசி எடுக்கும்" என்றாள் பியூலா.

பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? வேதத்தில் பிரியாணி இருக்கிறது என்று டீச்சர் சொன்னதாக வீட்டில் போய்ச் சொன்னார்கள். சபைக் கமிட்டி கூடியது. அவளை ஓய்வுநாள் பள்ளியிலிருந்து நிறுத்தியது. அது கூட அவளுக்குப் பெரிதில்லை. கூட்டம் முடிந்து வெளியே வந்த அப்பா, கோயில் வாசலில், எல்லோரும் பார்க்க நின்றார்.

"கேள்விய வுட்டுட்டேன்னு ஒரு வார்த்த சொல்லு. எல்லாத்தையும் மறந்துடுறேன்."

"விட்டுட்டேன்னு சொன்னா பொய் சொன்னதா ஆகிடும்பா."

உபதேசியார் கையை வானத்துக்கு உயர்த்தினார். "அப்ப கேட்டுக்கோ. கர்த்தருக்கு முன்னால பொருத்தன பண்றேன். நீ மனந்திரும்பற வரைக்கும் உன் வூட்டுப் படி மிதிக்க மாட்டேன். உன் கையால பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்."

பொருத்தனை என்பது சும்மா கோபத்தில் விடும் வார்த்தையல்ல. கடவுளுக்குக் கொடுத்த வாக்கு. அதை மீறுவதும் சாவதும் அவருக்கு ஒன்று. பியூலா அன்று வீட்டுக்கு வந்து, வாங்கி வைத்த மீனைச் சமைக்காமல் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு அழுதாள்.

அழுது எத்தனை நாள் இருப்பது? மனிதர்கள் பொருத்தனைக்கும் சந்து பொந்து கண்டுபிடித்துவிடுவார்கள். அம்மா செல்லம்மா சனிக்கிழமை தோறும் காலித் தூக்குச் சட்டியோடு மகள் வீட்டுக்கு வருவாள். நிறைந்த சட்டியோடு போவாள். மறுநாள் குழம்பை ஊற்றும்போது, நான் வைத்தது என்பாள். உபதேசியார் விரலை நக்கிக்கொண்டே, "உனக்குக் கை கூடிகினு வருது, செல்லம்மா" என்பார். பேரன் பிறந்தபோது வீட்டுக்கு வரவில்லை. ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் நின்று, பாக்கியநாதன் தூக்கிக்கொண்டு வர, கொஞ்சினார். பியூலா பாலத்தின் இன்னொரு முனையில் நின்று பார்த்தாள். ஞானஸ்நானத்துக்குக் கோயிலுக்கு வந்தார். விருந்துக்கு வீட்டுக்கு வரவில்லை. கோயிலில் எதிரே பார்த்தால் தோத்திரம் என்பாள் அவள். தோத்திரம் என்பார் அவர். அத்தோடு சரி. சாதாரணக் குடும்பங்களில் இதை ராசி என்றுதான் சொல்வார்கள். ஆனால் ஞாயிறு மத்தியானம் வாசலில் சைக்கிள் மணி எது அடித்தாலும் பியூலாவின் கை ஒரு நிமிஷம் நிற்கும். அது அவள் மட்டும் அறிந்தது.

தொண்ணூற்று ஆறில் புது ஆயர் வந்தார். இளைஞர், சுறுசுறுப்பு, எல்லாம் புத்தகப்படி இருக்க வேண்டும் என்கிறவர். அறுப்பின் பண்டிகைக்குத் தாளைக் கம்ப்யூட்டரில் அடித்து, பளபளவென்று அச்சிட்டுக் கொண்டுவந்தார். பியூலா தாளைப் புரட்டினாள். ஏரி இல்லை.

ஆராதனையில் ஆயர் அந்த இடத்தைத் தாண்டி அடுத்த வேண்டுதலுக்குப் போனார். சபையோ பழக்கத்தில் ஏரிக்காகக் கையைக் கூப்பிவிட்டு விழித்தது. அப்போது முன் வரிசையிலிருந்து உபதேசியார் எழுந்தார். வயது எழுபதைத் தாண்டியிருந்தாலும் குரல் ரயில்வே லைனைத் தாண்டியது. "எங்கள் ஏரிகள் எல்லாம் கலங்கல் வழிய நிரம்பி" என்று பார்க்காமல் சொன்னார். "கர்த்தாவே, கேட்டருளும்" என்று கோயிலே அதிர்ந்தது. பியூலா பாட்டுப் புத்தகத்தால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெளியே பந்தலில் ஏலம் ஆரம்பிக்கும் முன் ஆயர் மரியாதையாகத்தான் சொன்னார். "ஐயா, கோபிக்கக் கூடாது. அந்த வேண்டுதல் ஒரிஜினல் புஸ்தகத்துல இல்ல. நான் பழசெல்லாம் பார்த்துட்டேன்."

"பொஸ்தகத்துல இல்லன்னா பொஸ்தகம் தப்பு" என்றார் உபதேசியார்.

கூட்டம் நெருங்கி வந்தது. பியூலாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா வாயிலிருந்தா இந்த வார்த்தை?

"இது இன்னிக்கு நேத்து ஜெபமில்ல, ஆயரே. வெள்ளக்காரன் காலத்து ஜெபம். எங்கப்பா ஏரிக்கரையில நின்னு இத்தச் சொன்னத நான் டவுசர் போட்ட வயசுல காதால கேட்டுருக்கேன். சத்தியமாச் சொல்றேன். ஒரு எழுத்துக் கூட மாத்த வுடமாட்டேன்!"

பியூலா வாயைத் திறக்கவில்லை. திறந்தால் பத்து வருஷத்துக் கணக்கும் ஒரே வார்த்தையில் தீர்ந்துவிடும். எந்தக் கேள்விக்காக அவளைத் தள்ளி வைத்தாரோ, அந்தக் கேள்விக்குப் பதிலாக அவரே நின்றுகொண்டிருந்தார். ஆனால் எழுபது வயது மனிதரை ஊர் நடுவில் தலைகுனிய வைத்து என்ன ஜெயம் வேண்டியிருக்கிறது என்று பேசாமல் நின்றாள். ஆனால் முழுப் பூசணிக்காயை எவ்வளவு நேரம் சோற்றில் மறைப்பது? உண்மையான பூசணிக்காய் ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருத்தி வந்தாள். டெலிபோன் ஆபீஸில் வேலை, இரண்டு பிள்ளைகள், ஆனாலும் ஒரு வருஷம் கூட ஏலத்தைத் தவறவிடாத தையல்நாயகி.

"அய்ய, உபதேசியாரே! அது நான் அடிச்ச லைனுங்க!" என்றாள் சந்தோஷம் பொங்க. "எங்க ஏரி காஞ்ச வருஷம். அக்காவக் கேளுங்க. இத்தினி வருஷமாவா அத்தப் படிச்சிகினு கீறீங்க? எனக்கு மேலெல்லாம் புல்லரிக்குது!"

பந்தல் சிரிப்பில் வெடித்தது. ஆயரே சிரித்துவிட்டார். கிழவிகள் தையல்நாயகியின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார்கள். வரி அப்படியே இருக்கட்டும், அடுத்த வருஷம் அச்சிலேயே போட்டுவிடலாம் என்று ஆயர் கையை உயர்த்திச் சொன்னார். எல்லாம் சுபம். சிரிக்காதவர்கள் இரண்டே பேர். உபதேசியார் மகளைப் பார்த்தார். பத்து வருஷத்தில் முதல் தடவையாகக் கண்ணோடு கண் வைத்துப் பார்த்தார். பியூலா மெல்லத் தலையசைத்தாள். அவர் குடையை எடுத்துக்கொண்டு, ஏலத்துக்கு நிற்காமல் வீட்டுக்குப் போனார்.

அடுத்த ஞாயிறு அவர் கோயிலுக்கு வரவில்லை. சனிக்கிழமை வரை பொறுக்காமல் செல்லம்மா மறுநாளே தூக்குச் சட்டியோடு வந்து மூக்கைச் சிந்தினாள். "ஜூரமுமில்ல ஒண்ணுமில்ல. வேதத்த மடியில வச்சிகினு குந்தினுகீறாரு. படிக்கிறாரா, தூங்குறாரான்னே தெரியல. கொழம்பு நல்லாகீதுன்னு கூடச் சொல்லல." அது பியூலாவைப் பயமுறுத்தியது. தான் பட்ட அந்த இரண்டு நாள் தவிப்பை இந்த வயதில் அவர் பட வேண்டுமா? பேசாமல் போய்க் காலில் விழுந்து, கேள்வியை விட்டுவிட்டேன் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிடலாமா என்று கூட யோசித்தாள்.

அவள் யோசித்து முடிப்பதற்குள் ஒரு புதன்கிழமை காலை, பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகு, வாசல் கேட் கிறீச்சிட்டது. ஈரக் கையோடு வந்து பார்த்தால் அப்பா. வெள்ளை வேட்டி, ஜிப்பா, கையில் குடை. வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் பொய் சொல்லல, பியூலா" என்றார் எடுத்த எடுப்பில்.

"தெரியும்பா."

"எங்கப்பா சொன்னாருன்னு சொன்னேனே, அது எனக்கு இப்பவும் காதுல கேக்குது. ஏரிக்கர, அவரு தலப்பா, எல்லாம் தெரியுது. ஆனா அந்தப் பொண்ணு அடிச்சிதுன்னா, எங்கப்பா எப்படிச் சொல்லியிருப்பாரு? அப்ப நான் கேட்டது இன்னா?"

அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள்.

"சரி, அத்த வுடு. எனக்கு வேற ஒரு கேள்வி கீது" என்றார் உபதேசியார். "ஏழெட்டு வயசுல கேட்டேன். கேட்டதுக்குப் புளியங்குச்சி முறியற வரைக்கும் அடிச்சாரு எங்கப்பா. அப்புறம் யாராண்டயும் கேக்கல. யெப்தான்னு ஒரு சேனாபதி. சண்டையில ஜெயிச்சா, வூட்டு வாசல்லேர்ந்து மொதல்ல எது வருதோ அத்தப் பலி கொடுக்குறேன்னு பொருத்தன பண்ணிட்டான். ஜெயிச்சுட்டு வந்தா, எதிர்ல வந்தது இவன் பொண்ணு. ஒரே பொண்ணு. அப்பா ஜெயிச்சுட்டாருன்னு ஆடிகினு வருது."

"தெரியும்பா. நியாயாதிபதிகள் புஸ்தகத்துல."

"ஆபிரகாம் பெத்த புள்ளயப் பலி கொடுக்கக் கத்திய எடுத்தப்ப வேணாம்னு வானத்துலேர்ந்து சத்தம் வந்துச்சு. இவனுக்கு ஏன் வரல?"

"பலி கொடுக்கல, கல்யாணம் பண்ணாம கோயில் சேவைக்கு விட்டதுதான்னு சில பேர் சொல்றாங்கப்பா."

"நானும் பிரசங்கத்துல அப்படித்தான் சொல்லிகினு வந்தேன். இந்தப் பத்து நாளா நல்லாப் படிச்சிட்டேன். அப்படி எழுதல."

எதிரே ரோட்டில் பல்லவன் பஸ் ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று.

"ஏன் வரலைன்னு எனக்குத் தெரியலப்பா" என்றாள் பியூலா. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக் கூடத் தோன்றவில்லை.

"எனக்கும் தெரியல. சத்தம் வந்திருக்கலாம். அந்தாளு காதுல வுழுந்திருக்காது." உபதேசியார் குடையைச் சுவரில் சாய்த்து வைத்தார். "ஆனா ஒண்ணும்மா. வாயக் குடுத்துட்டோம்னு பெத்த பொண்ணப் போயி... அந்தாளு பொருத்தனைய முறிச்சிட்டு, பொண்ணக் கூட்டிகினு வூட்டுக்குள்ள போயிருக்கணும்."

"முறிச்சா பாவமில்லையாப்பா?"

"பாவந்தான். அத்தக் கேக்கறவராண்ட நான் பதில் சொல்லிக்கறேன்" என்றபடி செருப்பைக் கழற்றினார். "நீ வழிய வுட்டு நகரு. எவ்ளோ நேரம் நிக்கறது, காலு நோவுது."